வில்லுக்கத்தி: அதன் வகையும் தேர்வும்

மடக்குக் கத்திக்குத் தமிழில் மூன்று பெயர்கள் வழங்குகின்றன. அலகு மடிந்து பிடிக்குள் அடங்குவதால் அது மடக்குக் கத்தி. அவ்வலகை விரித்த நிலையிலும் மடித்த நிலையிலும் நிறுத்துவது பிடியின் முதுகில் கிடக்கும் ஒரு வில். ஆதலால் அது வில்லுக்கத்தி. இறகுப் பேனாவைச் சீவப் பயன்பட்டதால் அது பேனாக்கத்தி. முதற்பெயர் வடிவத்தைச் சொல்கிறது. இரண்டாம் பெயர் அமைப்பைச் சொல்கிறது. மூன்றாம் பெயர் பயனைச் சொல்கிறது. மலாய்க்காரர் ‘பிசாவ் லிப்பாட்’ என்பர். பிசாவ் என்பது கத்தி. லிப்பாட் என்பது மடிப்பு. அவர்களும் வடிவத்தைக் கொண்டே பெயரிட்டனர்.

கடைக்குச் சென்று ஒரு மடக்குக் கத்தி வாங்க நினைப்பவர் பெரும்பாலும் முதற்பெயரோடு நின்றுவிடுகிறார். கண்ணாடிப் பெட்டிக்குள் பளபளப்பாக எது கிடக்கிறதோ அதை எடுத்து, மடக்கிப் பார்த்து, விலை கேட்கிறார். நல்ல கத்தியைத் தேர்பவர் இந்த வரிசையைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். எதற்காக என்பது முதற்கேள்வி. எவ்வாறு நிற்கிறது என்பது இரண்டாவது. எவ்வாறு மடிகிறது, எப்படித் தோன்றுகிறது என்பவை அவற்றிற்குப் பின்னரே.

எதற்காக?

பேனாக்கத்தி என்ற சொல்லையே முதலில் எடுத்துக்கொள்வோம். ஐரோப்பியர் வாத்தின் இறகைச் சீவிப் பேனாவாக்கி மையில் தோய்த்து எழுதினர். இறகின் நுனி எழுத எழுதத் தேய்ந்து மழுங்கும். எழுதுபவர் அடிக்கடி அதைச் சீவித் திருத்த வேண்டும். இவ்வேலைக்குப் பெரிய கத்தி ஆகாது. சட்டைப் பையில் கிடக்கக்கூடிய, மெல்லிய சிறிய அலகுடைய கத்தியே வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் எஃகு நிப்புகள் இயந்திரத்தால் பெருவாரியாகச் செய்யப்பட்டன. அதன்பின் இறகும் போயிற்று, அதைச் சீவும் வேலையும் போயிற்று. பெயர் மட்டும் நின்றது.

தமிழ் எழுதுவோரிடத்தும் இதற்கு இணையான ஒரு கருவி இருந்தது என்பதைத் தமிழாசிரியர் மறக்கலாகாது. அதுவே மடக்கெழுத்தாணி. எழுத்தாணிகள் குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி என மூவகைப்படும். குண்டெழுத்தாணியின் கொண்டை கனத்திருக்கும். வாரெழுத்தாணி நீண்டது, ஒருபுறம் எழுதும் முனையும் மறுபுறம் ஓலையை வாரும் கத்தியும் உடையது, உறையில் செருகி வைப்பதற்குரியது. மடக்கெழுத்தாணியோ இவ்விரண்டு உறுப்புகளையும் பிடிக்குள் மடித்து வைக்கத்தக்கது. வழிப்பயணத்திற்கு உகந்தது அதுவே. டாக்டர் உ. வே. சாமிநாதையர் ‘என் சரித்திர’த்தில் எழுத்தாணி வகைகளைப் பற்றி எழுதியிருக்கிறார். மதுரையில் எழுத்தாணிக்காரத் தெரு என்ற பெயரோடு ஒரு தெரு இன்றும் இருக்கிறது. இக்கருவியைச் செய்வது ஒரு தனித்தொழிலாக விளங்கிய காலத்தை அப்பெயர் நினைவூட்டுகிறது.

எழுதுவோனுக்குக் கத்தி எதற்கு என்று மாணவன் கேட்கக்கூடும். பனையோலை மரத்திலிருந்து ஏடாக இறங்குவதில்லை. அதைப் பதப்படுத்தி, நரம்பு நீக்கி, ஓரங்களை ஒரே அளவாக வாரி, முனைகளை நறுக்க வேண்டும். இவ்வேலைகளைக் கத்தி செய்யும். எழுதும் வேலையை ஆணி செய்யும். இரண்டின் கூரும் வேறு வேறு. கத்தியின் வாய் ஓலையை அறுக்க வேண்டும். ஆணியின் நுனி ஓலையைக் கிழிக்காமல் கீற வேண்டும். ஓலைச் சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடாமல் விட்டதற்கும், ஆணி குத்தினால் ஓலையில் துளை விழும் என்ற அச்சத்தையே காரணமாகக் கூறுவர். ஒரு பிடிக்குள் கிடந்த இரண்டு முனைகளுக்கு இரண்டு வகைக் கூர் கொடுத்த கொல்லன், கத்தித் தேர்வின் முதல் விதியை அறிந்திருந்தான். எல்லா வேலைக்கும் ஒரே கூர் பொருந்தாது என்பதே அவ்விதி.

தோட்டத்துக் கத்திகள் இரண்டு

இவ்விதியை ரப்பர்த் தோட்டம் இன்னும் தெளிவாகக் காட்டும். 1877இல் இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்துக்கு வந்தன. 1888இல் அத்தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற எச். என். ரிட்லி, மரத்தைக் காயப்படுத்தாமல் பட்டையை மெல்லச் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்தார். அதன்பின் மலாயாவெங்கும் ரப்பர் பரவியது. 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் சிங்கப்பூர்த் தீவின் வடபுறத்திலும் தோட்டங்கள் பரந்து கிடந்தன. அந்நிலங்களில் இன்று அடுக்குமாடி வீடுகளும் தொழிற்பேட்டைகளும் நீர்த்தேக்கங்களும் உள்ளன.

பால் மரம் சீவும் கருவியைத் தோட்டத்துத் தமிழர் உளி என்றனர். அது மடங்குவதில்லை. மடங்கவும் கூடாது. சீவுபவர் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் கனமுள்ள பட்டையை, சாய்ந்த கோட்டில், ஒரே இழுப்பாகச் சீவ வேண்டும். ஆழம் குறைந்தால் பால் வராது; ஆழம் மிகுந்தால் பட்டைக்கும் மரத்துக்கும் இடையிலுள்ள வளர்படை காயப்பட்டு, புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். கை முழுவதும் அழுத்தும் இவ்வேலையில், ஆணியைச் சுற்றி அசையும் அலகு சிறிதும் உதவாது. கை வலிமை முழுவதையும் ஏற்க வேண்டிய கத்தி மடக்குக் கத்தியாக இருத்தல் ஆகாது என்பது இதனால் விளங்கும்.

ஆயினும் அதே தோட்டத்தில் மடக்குக் கத்தி ஒன்றும் இருந்தது. அது ஒட்டுக்கத்தி. 1910களின் பிற்பகுதியில், டச்சுக்காரர் ஆண்ட ஜாவாவிலும் சுமத்திராவிலும் ரப்பருக்கு மொட்டு ஒட்டும் முறை உருவாயிற்று. மிகுதியாகப் பால் தரும் மரத்தின் கிளையிலிருந்து ஒரு கண்ணைப் பட்டையோடு எடுத்து, நாற்றங்காலில் நிற்கும் அடிக்கன்றின் பட்டைக்குள் பொருத்திக் கட்டுவர். அடிக்கன்றின் பட்டையில் கோடுகள் கீறி, கசியும் பாலை வடியவிட்டுத் துடைத்து, பட்டையை மெல்ல உரித்து, கண்ணுள்ள துண்டைச் செருகுவர். ஏறக்குறைய மூன்று வாரம் கழித்துக் கட்டை அவிழ்த்துப் பார்த்தால், துண்டு பச்சையாக இருந்தால் ஒட்டுப் பிடித்துவிட்டது; கறுத்திருந்தால் போயிற்று.

இவ்வேலைக்கு வலிமை வேண்டியதில்லை, நுண்மையே வேண்டும். ஒட்டுக்கத்தியின் அலகு சிறியது. அதன் வாய் பெரும்பாலும் ஒருபுறம் மட்டமாகவும் மறுபுறம் சாய்வாகவும் தீட்டப்பட்டிருக்கும்; அப்போதுதான் வெட்டு வளையாமல் சமமாக விழும். பட்டையை நெம்புவதற்குக் கொம்பிலோ பித்தளையிலோ செய்த ஒரு மழுங்கிய நாக்கும் சில கத்திகளில் உண்டு. கத்தி மழுங்கியிருந்தால் பட்டை நசுங்கும். அழுக்காக இருந்தால் அழுகல் தொற்றும். ஒட்டுப் பிடித்த மரமும் பால் தருவதற்கு ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். விரல் நீளக் கத்தி ஒன்றின் கூர், அத்தனை ஆண்டு உழைப்பைத் தாங்கி நிற்கிறது.

ஆகவே வாங்குபவர் தம் வேலையை முதலில் எண்ணட்டும். செடிக்கு ஒட்டுப் போடுபவருக்கு நேரான வாயுடைய சிறு கத்தி. மாம்பழமும் கொய்யாவும் நறுக்குபவருக்குச் சற்று நீண்ட மெல்லிய அலகு. கயிறும் சாக்கும் அறுப்பவருக்குக் கனத்த முதுகுள்ள அலகு. பென்சில் சீவவும் உறை பிரிக்கவும் மட்டும் வேண்டுபவருக்கு ஐந்து சென்டிமீட்டர் அலகே போதும். பத்து அலகுகளும் திருகாணியும் கத்தரிக்கோலும் அடங்கிய கத்தி பார்வைக்கு வியப்பூட்டும். ஆனால், உறுப்புகள் பெருகப் பெருகப் பிடி தடிக்கும். தடித்த பிடி நெடுநேர வேலைக்குக் கையை உறுத்தும்.

எவ்வாறு நிற்கிறது?

அடுத்தது வில். மடக்குக் கத்திகளை அவற்றின் அலகு நிற்கும் முறையால் மூவகையாகப் பிரிக்கலாம்.

முதல்வகையில் வில்லே இல்லை. ஆணியின் இறுக்கமே அலகைப் பிடித்து நிறுத்துகிறது. ரோமானியர் காலத்திலேயே மடக்குக் கத்திகள் இருந்தன. ஜப்பானில் மிக்கி என்னும் ஊரில் செய்யப்படும் ஹிகோநோகாமி கத்தி இவ்வகைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அதன் பிடி, மடித்த உலோகத் தகடு ஒன்றே. அலகின் அடியிலிருந்து ஒரு சிறு நெம்புகோல் வெளியே நீண்டிருக்கும். வெட்டும்போது அந்த நெம்புகோலைப் பெருவிரல் அழுத்திக்கொள்வதால் அலகு மடங்காது. பெருவிரல் அழுத்தத்தை மறந்தால் மடங்கும்.

இரண்டாம் வகையே உண்மையான வில்லுக்கத்தி. பிடியின் முதுகில் நீண்ட எஃகுப் பட்டை ஒன்று வில்லாக அமைந்து, அலகின் அடியை எப்போதும் அழுத்திக்கொண்டிருக்கும். அடியின் தட்டையான பகுதி வில்லின்மேல் படும்போது அலகு நிற்கும். மூலை படும்போது வில் உயர்ந்து வழிவிடும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டும் ஜெர்மனியின் சோலிங்கனும் இவ்வகைக்குப் பெயர்பெற்றன. சுவிட்சர்லாந்தில் கார்ல் எல்செனர் 1897இல் பதிவு செய்த பல அலகுக் கத்தியும் இவ்வமைப்பையே தழுவியது. இங்கு ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும்: வில் அலகைத் தடுக்கிறதேயன்றிப் பூட்டவில்லை. அலகின் முதுகில் அழுத்தம் விழுந்தால் அது விரல்மேல் மடியும்.

மூன்றாம் வகையில் பூட்டு உண்டு. பிரான்சின் சவோய் மலைநாட்டில் ஜோசப் ஒப்பினெல் 1890இல் மரப்பிடியுடைய எளிய மடக்குக் கத்தியைச் செய்யத் தொடங்கினார். அதன் கழுத்தில் திருகிப் பூட்டும் உலோக வளையம் 1955இல் சேர்ந்தது. அலகை விரித்து வளையத்தைத் திருகினால் அது திரும்பவும் திருகும்வரை மடங்காது. இவ்வகை, புதிதாகப் பழகுபவர்க்குப் பாதுகாப்பானது. ஆனால் வளையத்தைத் திருக மறப்பவர்க்குப் பூட்டு இருந்தும் இல்லாததே.

பொத்தானை அழுத்தியதும் அலகு தானே பாய்ந்து விரியும் கத்திகளும் உலகில் உண்டு. அவை ஆயுத வகையைச் சேர்ந்தவை. பல நாடுகளில் தடைசெய்யப்பட்டவை. கருவி தேடுபவர் அவற்றைத் தொடவேண்டியதில்லை.

எந்த வகையாயினும் ஒரு விதி பொது. மடக்குக் கத்தி அறுக்கவும் சீவவும் ஏற்பட்டது. குத்தவும் நெம்பவும் ஏற்பட்டதன்று. குத்தினால் அலகு கைமேல் மடியும்; நெம்பினால் ஆணி தளரும். தகர மூடியைத் திறக்க முனையை நுழைப்பவர், கத்தியை ஒரே நாளில் முதுமை எய்தச் செய்கிறார்.

அலகும் பிடியும்

அலகின் உறுப்புகளுக்குத் தமிழில் அழகிய பெயர்கள் உள்ளன. வெட்டும் ஓரம் வாய். அதற்கு எதிரோரம் முதுகு. கூர்ந்த இடம் முனை. வாயும் முதுகும் உள்ளதைத் தமிழர் உயிருள்ளதுபோற் பேசினர். அலகை வாயின் பக்கமிருந்து நோக்கினால் அதன் கனம் முதுகிலிருந்து வாய்க்குச் சீராகக் குறைந்து வரவேண்டும். நடுவில் தடித்து ஓரத்தில் மட்டும் தீட்டிய அலகு, முதல் மாதம் வெட்டும், பின்பு நசுக்கும்.

எஃகு இருவகை. கரிம எஃகு எளிதில் தீட்டப்படும், நல்ல கூர் ஏற்கும், துருவும் ஏறும். தென்னிந்திய உருக்கு அதன் கரிமச் செறிவுக்குப் பழங்காலத்திலேயே புகழ்பெற்றது. கொடுமணல் அகழாய்வில் எஃகு உருக்கிய தடயங்கள் கிடைத்துள்ளன. குரோமியம் கலந்த துருவா எஃகு ஈரத்தைத் தாங்கும். ஆனால் தீட்டுவதற்குச் சற்றுக் கூடுதல் பொறுமை வேண்டும். சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் காற்றில் ஈரம் நிறைந்திருக்கிறது. கடல்நீர்க் கழி ஓடும் கிராஞ்சிப் பக்கத்தில் உப்புக்காற்றும் சேர்கிறது. துடைத்து எண்ணெய் பூசும் பழக்கம் இல்லாதவர் துருவா எஃகையே தேர்வது நலம். பழக்கம் உள்ளவர்க்குக் கரிம எஃகு மகிழ்ச்சி தரும். அது மாங்காயும் எலுமிச்சையும் வெட்டி வெட்டிக் கருநீல நிறம் கொள்ளும். அந்நிறம் துரு அன்று. செந்நிறத் துரு மேலும் பரவாமல் ஓரளவு தடுக்கும் மெல்லிய படலம் அது. ஆயினும் நறுக்கிய பழத்தில் கறையும் இரும்புச் சுவையும் சிறிது ஒட்டும்.

பிடிக்கு மரமும் கொம்பும் எலும்பும் தொன்றுதொட்டு வழங்கின. இன்று நெகிழியும் உண்டு. கொம்பும் எலும்பும் வெயிலில் வெடிக்கும். மரம் மழையில் ஊதி அலகை இறுக்கும். எனவே மரம் கடினமாகவும் நன்கு உலர்ந்ததாகவும் இருத்தல் வேண்டும். கிராஞ்சி என்னும் ஊர்ப்பெயரே ஒரு கடின மரத்தின் பெயர் என்பது இங்கு எண்ணத்தக்கது. மலாய்க்காரர் ‘கெராஞ்சி’ என்னும் அம்மரம், கறுத்த ஓட்டுக்குள் புளிப்பும் இனிப்புமான சதையுள்ள சிறு பழம் தருவது. கைப்பிடி செய்வதற்கு இத்தகைய இறுகிய மரங்களே உகந்தவை.

கடையில் பார்க்க வேண்டியவை

கத்தியைக் கையில் வாங்கியதும் மடித்த நிலையில் பிடித்துப் பார்க்க வேண்டும். முனை பிடிக்குள் முற்றும் மறைந்திருக்கிறதா? சிறிது வெளியே நின்றாலும் அது சட்டைப் பையைக் கிழிக்கும். பிறகு விரலைக் கிழிக்கும். அடுத்து, அலகிலுள்ள நகக்குழியில் நகத்தை வைத்து மெல்ல விரிக்க வேண்டும். நகம் பெயரும் அளவுக்கு வில் கடினமாக இருந்தால், முதியவரும் சிறுவரும் அதை ஆளமுடியாது. தொட்டதும் தளர்ந்து விரிந்தால் அதை நம்ப முடியாது.

விரித்தபின் முனையை இரு விரலால் பற்றி இடமும் வலமும் அசைத்துப் பார்க்கலாம். ஆட்டம் இருந்தால் ஆணி சரியாக அடிக்கப்படவில்லை. கத்தியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், வில்லுக்கும் பிடியின் பக்கத்தகடுகளுக்கும் இடையே ஒளி புகக்கூடாது. மடிக்கும்போது அலகு நடுவில் இறங்க வேண்டும். ஒருபக்கம் உரசினால் வாய் தேயும். இறுதியாக ஒரு தாளை அறுத்துப் பார்க்கலாம். தாள் கிழியாமல் அறுபடின் கூர் நன்று. ஆனால் மற்றக் குறைகள் இல்லாத கத்தி கூர் குறைந்திருப்பினும் வாங்கலாம். கூரை வீட்டில் ஏற்றிக்கொள்ள முடியும், ஆடும் ஆணியை வீட்டில் திருத்த முடியாது.

கூர் ஏற்றுவது அரிய கலையன்று. சாணைக்கல்லை நனைத்து, அலகை ஒருபுறத்துக்குப் பதினைந்து முதல் இருபது பாகைச் சாய்வில் வைத்து, அச்சாய்வு மாறாமல் தேய்க்க வேண்டும். எதிர்ப்புறத்தில் மெல்லிய பிசிறு விரலுக்குத் தட்டுப்படும்வரை ஒருபுறம், பிறகு மறுபுறம். பிசிறைத் தோல் வாரிலோ செய்தித்தாளிலோ இழுத்து நீக்கலாம். மழுங்கிய கத்தி பாதுகாப்பானது என்று எண்ணுபவர் உளர். உண்மை அதற்கு மாறானது. மழுங்கிய கத்தியை அழுத்த வேண்டியிருக்கிறது. அழுத்தும் கை வழுக்குகிறது. வழுக்கிய கத்தி கையையே வெட்டுகிறது.

சட்டமும் பள்ளியும்

வாங்கிய கத்தியை எங்கே வைப்பது என்பதும் தேர்வின் ஒரு பகுதியே. சிங்கப்பூரில் தக்க காரணமின்றிப் பொது இடத்தில் கத்தியோடு நடமாடுவது குற்றம். அதற்குரிய தண்டனையும் கடுமையானது. தோட்ட வேலைக்கு எடுத்துச் செல்பவர் வேலை முடிந்ததும் கருவிப்பெட்டியில் வைத்துவிட வேண்டும். பேருந்திலும் கடைத்தெருவிலும் அது சட்டைப் பையில் கிடக்கலாகாது. விமானத்தில் கைப்பையில் வைக்காமல், ஒப்படைக்கும் பெட்டியிலேயே வைத்தல் வேண்டும்.

பள்ளியைப் பற்றி ஜப்பானின் அனுபவம் ஒன்று சிந்திக்கத்தக்கது. முன்னாளில் அந்நாட்டுச் சிறுவர் ஹிகோநோகாமி கத்தியால் பென்சில் சீவினர். மூங்கிலில் விளையாட்டுப் பொருள் செய்தனர். 1960 அக்டோபரில் சோஷலிஸ்டுத் தலைவர் இனெஜிரோ அசனுமாவைப் பதினேழு வயது இளைஞன் ஒருவன் மேடையில் குறுவாளால் குத்திக் கொன்றான். அதையொட்டிச் சிறுவர் கையில் கத்தி கூடாது என்னும் இயக்கம் நாடெங்கும் எழுந்தது. பென்சில் சீவும் பொறிகளும் பரவியிருந்தன. சிறுவரின் கத்தி மறைந்தது. பட்டறைகளும் ஒவ்வொன்றாக மூடின. இன்று அப்பெயரைப் பொறிக்கும் உரிமையுள்ள பட்டறை ஒன்றே எஞ்சியிருக்கிறது. கொலைக்குப் பயன்பட்டது குறுவாள். கைவிடப்பட்டது பென்சில் கத்தி.

அந்த அச்சத்தைக் குறைகூறுவதற்கில்லை. பிள்ளைகள் கூடுமிடத்தில் கத்தி வேண்டாம் என்பது சரியான முடிவே. நம் பள்ளிகளும் அதையே கடைப்பிடிக்கின்றன. ஆனால் கத்தியை விலக்கும்போது கத்தியைப் பற்றிய அறிவும் உடன் விலகிவிடுகிறது. வளர்ந்தபின் அவ்விளைஞன் சமையலறையிலோ தொழிற்கூடத்திலோ கத்தியைக் கையில் எடுத்தே தீர்வான். அறியாத கையில் அது எடுத்த நாளே காயம் செய்யும். கத்தியைத் தன்னை நோக்கி இழுக்காமல் வெளியே செலுத்துவது, பிறரிடம் தரும்போது மடித்துத் தருவது, வெட்டும் கோட்டில் மறுகையை வைக்காதிருப்பது ஆகிய மூன்றையும் வீட்டில் பெரியவர் ஒருவர் அருகிலிருந்து பழக்கினால் போதும்.

தமிழாசிரியர்க்கோ வகுப்பறையில் கத்தியே தேவையில்லை. வாய், முதுகு, முனை, அலகு, சாணை, வில் என்னும் சொற்களைப் படம் வரைந்து விளக்கலாம். ஓலையை வாரிய கத்தியும் எழுதிய ஆணியும் ஒரே பிடிக்குள் மடிந்து கிடந்ததைச் சொல்லலாம். பேனாக்கத்தி என்று பெயர் வந்த காரணம் கேட்ட மாணவன், கத்தி என்றதும் சண்டையை மட்டும் நினைக்கமாட்டான், எழுதுகோலையும் நினைப்பான்.